சர்வே எண் சர்வே எண்ணாகக் கரையும் ஊர்

நாளிதழின் உள்பக்கத்தில், வங்கி ஏல அறிவிப்புக்கும் பெயர் மாற்ற விளம்பரத்துக்கும் நடுவே அது வரும். எழுத்து பொடிசு. இன்ன வட்டம், இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இவ்வளவு பரப்பு. இரண்டாவது முழுமைத் திட்டத்தில் விவசாய உபயோகப் பகுதியாகக் குறிக்கப்பட்டுள்ள இந்த நிலத்தைக் குடியிருப்பு உபயோகப் பகுதியாக மறுவகைப்பாடு செய்யக் கோரி விண்ணப்பம் வந்திருக்கிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். அவ்வளவுதான். பக்கத்தில் ஏரி இருக்கிறதா, அதன் மதகு எந்தப் பக்கம், போக வர வழி எத்தனை அடி, எத்தனை வீடு வரப்போகிறது என்பதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் இருக்காது. ஆட்சேபிக்க வேண்டியவர் அந்த நாளிதழை வாங்குபவராக இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைப் படிப்பவராக இருக்க வேண்டும். எண்ணைப் பார்த்ததும் அது கழனியில் எந்த மூலை என்று சொல்லத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். மூன்றும் பொருந்திய ஆள் ஓர் ஊருக்கு ஒருவர் இருந்தால் அதிகம்.

ஊர்க்காரருக்கு விஷயம் தெரியவருவது ஜே.சி.பி. வந்து வரப்பைத் தட்டும்போதுதான். அடுத்த வாரம் வெள்ளையும் மஞ்சளும் அடித்த கற்கள் முளைக்கும். வண்ணக் கொடிகள் பறக்கும். நுழைவாயிலில் ஒரு வளைவும், ‘சி.எம்.டி.ஏ. அப்ரூவ்டு, ரெரா பதிவு பெற்றது’ என்ற பலகையும் வரும். எதிர்ப்பு அப்போது தொடங்குகிறது. ஆட்சேபணைக்கான நாள் அதற்குள் முடிந்துபோயிருக்கும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியைச் சுற்றியுள்ள ஊர்களில் நிலப்பயன் மாற்றத்தையும் நெருக்கமான கட்டுமானத்தையும் மக்கள் எதிர்ப்பது புதிதில்லை. அந்த எதிர்ப்பை வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை என்று ஒரு தரப்பும், மண்ணைக் காக்கும் போர் என்று இன்னொரு தரப்பும் எழுதித் தள்ளிவிட்டன. இரண்டிலும் பாதிதான் உண்மை. ஊர்க்காரர்கள் சண்டை போடுவது வீடுகளோடு இல்லை என்பது என் கணிப்பு. ஓர் ஊரின் தலைவிதியைச் சர்வே எண் சர்வே எண்ணாகத் துண்டு போட்டுத் தீர்மானிக்கிறார்கள். கூட்டுத்தொகை யார் கண்ணிலும் படுவதில்லை. கோபத்தின் வேர் அங்கே இருக்கிறது.

சட்டத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் இயற்றப்பட்டது. சென்னைப் பெருநகருக்கான முதல் முழுமைத் திட்டம் 1975-இல் வந்தது. இரண்டாவது திட்டத்துக்கு 2008 செப்டம்பர் 2 அன்று அரசு ஒப்புதல் கொடுத்தது. அதன் இலக்கு ஆண்டு 2026. 1,189 சதுர கிலோமீட்டர் பரப்பில் அன்றைய மாநகராட்சியோடு 16 நகராட்சிகள், 20 பேரூராட்சிகள், 214 ஊராட்சிகள் அடங்கின. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் வரைபடத்தில் ஒரு வகை ஒதுக்கப்பட்டது: ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, விவசாயம், நகர்ப்புறமல்லாதது என்று. இந்த வரைபடம் கல்லில் வெட்டியதில்லை. சட்டத்தின் 32-ஆவது பிரிவு அதைத் திருத்த இடம் கொடுக்கிறது. நில உரிமையாளர் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம், தொழில்நுட்பக் குழு பார்க்கும், விளம்பரம் வரும், பிறகு அரசிதழில் ஏறும். திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள கிராமங்களுக்கு 47-ஏ என்று தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே விளைநிலத்தை மனையாக்க வேளாண் துறையின் கருத்து வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் குற்றம் காண்பது கடினம், ஒவ்வொரு கோப்பாகப் பார்த்தால். இரண்டு ஏக்கர் தரிசு. மூன்று பக்கமும் ஏற்கெனவே மனை. நடுவில் இதை மட்டும் விவசாயம் என்று வைத்திருந்து என்ன பயன்? அதிகாரி ஒப்புதல் தருவது நியாயமாகவே படும். ஆனால் மூன்று பக்கமும் மனையானதும் இதே நியாயத்தில்தான். ஓர் ஏரியின் ஆயக்கட்டில், அதாவது அதன் பாசன நிலத்தில், முதல் துண்டு மாறும்போது அது விதிவிலக்கு. கடைசித் துண்டு மாறும்போது அதுவே பொது வழக்கம். நடுவில் எந்தக் கோப்பிலும் ‘இந்த ஏரியின் ஆயக்கட்டில் இதுவரை எத்தனை ஏக்கர் போயிருக்கிறது’ என்ற கேள்வி எழுவதில்லை. எழவேண்டும் என்று எந்தப் படிவத்திலும் கட்டம் போட்டிருக்கவில்லை.

அந்தக் கூட்டுத்தொகையைப் பார்க்க வேண்டுமானால் அம்பத்தூருக்குப் போக வேண்டும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். அதன் வடபகுதி 1997-இல் திருவள்ளூர் மாவட்டமானது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும். ஒன்றன் கலங்கல் இன்னொன்றன் வரத்து என்ற சங்கிலிதான் இந்தப் பகுதியின் பழைய நகரமைப்பு. அந்தச் சங்கிலிக்கு நடுவே 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது, பிறகு டன்லப் வந்தது, 1964-இல் தொழிற்பேட்டை வந்தது. பாடியில் டி.வி.எஸ். குழும ஆலைகள் வந்தன. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டும். கழனிகள் மனைகளாயின. உலக வங்கிக் கடனில் 1977-இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தின் தொடர்ச்சியாக முகப்பேர் பக்கம் மனையும் அடிப்படை வசதியும் தரும் திட்டம் வந்தது. வீட்டு வசதி வாரியத்தின் நிலமெடுப்பும் அதைச் சுற்றி வழக்குகளும் பல்லாண்டு நடந்தன. 2001-இல் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்த அம்பத்தூர் நகராட்சியின் மக்கள்தொகை, 2011-இல் 4.66 லட்சம். அந்த ஆண்டு அக்டோபரில் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகளைச் சேர்த்துக்கொண்டு சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது அம்பத்தூர் அதன் ஏழாவது மண்டலமானது. நொளம்பூர், புத்தகரம் போன்ற ஊராட்சிகளும் அதே வீச்சில் மாநகராட்சிக்குள் வந்தன.

இதில் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் மனை வந்தது. பிறகு வீடு. பிறகு ஆழ்துளைக் கிணறு. அது உப்பானதும் தண்ணீர் லாரி. செப்டிக் டேங்க் நிறைந்ததும் கழிவுநீர் லாரி. பாதாளச் சாக்கடை வரிசையின் கடைசியில். நடுவில் இருந்த ஆண்டுகளில் அத்தனை கழிவும் எங்கே போயிற்று என்பதற்கு கொரட்டூர் ஏரிதான் சாட்சி. மழைநீர் கொண்டுவர வேண்டிய அதே கால்வாய்கள் சாக்கடையையும் தொழிற்பேட்டைக் கழிவையும் கொண்டுவந்து கொட்டின. கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் என்ற பெயரில் குடியிருப்போர் திரண்டு, பிரச்சினையைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை கொண்டுசென்றார்கள். அந்த இயக்கத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் மனை வாங்கிக் குடிவந்தவர்கள் என்பது முக்கியம். ஏரியைக் காக்க எழுந்த குரல் ஆயக்கட்டுக்காரனுடையது இல்லை. அவன் நிலத்தை விற்றுவிட்டுப் போய் நாளாயிற்று.

இந்த அம்பத்தூரைத்தான் திருநின்றவூர், வெள்ளவேடு, மோரை, நேமம் பக்கத்து ஊர்கள் தங்கள் எதிர்காலமாகப் பார்க்கின்றன. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை இந்தப் பகுதியை வெட்டிக்கொண்டு போன பிறகு, அந்த எதிர்காலம் இன்னும் கிட்டே வந்துவிட்டது.

எதிர்ப்பவர்கள் யார்? ‘ஊர்’ என்று ஒற்றையாகச் சொல்வது எழுதச் சௌகரியம். நிஜத்தில் குறைந்தது மூன்று தரப்பு உண்டு. முதலாவது, இன்னும் நெல்லோ கீரையோ பூவோ போடும் பட்டாதாரர். இவருக்கு இரண்டு மனம். பக்கத்து நிலம் மனையானால் வாய்க்கால் அடைபடும், எலித்தொல்லை கூடும், ஆள் கிடைக்காது, ஆகவே எதிர்ப்பு. மகள் கல்யாணமோ மருத்துவச் செலவோ வந்தால் தன் நிலத்துக்கும் மனை விலை வேண்டும், ஆகவே ஆதரவு. இதைக் கபடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெல்லில் அந்தப் பணத்தை எந்தத் தலைமுறையும் பார்த்ததில்லை.

இரண்டாவது தரப்பு, பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் முதல் லேஅவுட்டில் மனை வாங்கி வீடு கட்டியவர். காற்றோட்டம், கிணற்றுத் தண்ணீர், கடன் கட்டி முடித்த நிம்மதி. இவர் வீட்டுக்கு எதிரே ஸ்டில்ட்டும் ஐந்து மாடியும் எழும்போதுதான் ‘கிராமத்தின் அமைதி’ நினைவுக்கு வருகிறது. தான் வந்ததும் கதவைச் சாத்திக்கொள்ளும் குணம் இது. உலகமெங்கும் உண்டு. அமெரிக்கப் புறநகர்களில் அடுக்குமாடி வராமல் தடுத்தே வீட்டு வாடகையை ஏற்றிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு பல பத்தாண்டுகளாக நிற்கிறது. ஆனாலும் இவர் எழுப்பும் கேள்விகளை ஒதுக்கித் தள்ளிவிட முடியாது. இருபதடிச் சாலையில் தீயணைப்பு வண்டி எப்படித் திரும்பும்? நாற்பது வீட்டுக்கு ஒரே ஆழ்துளைக் கிணறு போட்டால் பக்கத்துக் கிணறு என்னவாகும்? கேட்பவரின் நோக்கம் எதுவானாலும் கேள்வி சரியானது.

மூன்றாவது தரப்புக்குப் பட்டா கிடையாது. கூலி விவசாயி, மேய்ச்சல் நிலத்தில் மாடு கட்டியவர், புறம்போக்கில் குடிசை போட்டவர். நிலப்பயன் மாறும்போது விலை உயர்வில் இவருக்குப் பங்கு வராது, வேலை மட்டும் போகும். இதற்கு இந்த மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர், பறையர்களின் நிலமின்மையைப் பற்றி 1891-இல் கொடுத்த அறிக்கையின் பேரில்தான் 1892-இல் பஞ்சமி நில ஒதுக்கீடு வந்தது. பத்தாண்டுக்கு விற்கக்கூடாது, அதன் பின்பும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்று நிபந்தனை. ஒரு நூற்றாண்டு கழித்து அந்த நிலங்கள் எப்படியெல்லாமோ கைமாறியிருந்தன. மாமல்லபுரம் அருகே காரணையின் நிலத்தை மீட்கக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபரில் துப்பாக்கிச் சூடு நடந்து, உயிர்கள் போயின. ஊர் காக்கப்பட வேண்டும் என்ற கோஷத்தை எழுப்பும்போது, யாருக்குச் சொந்தமான ஊர் என்பதையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும். ஆண்டை வீதியும் காலனியும் தனித்தனியாக இருந்த அதே அமைப்பை அப்படியே பாதுகாப்பது யாருக்கும் லட்சியமாக இருக்க முடியாது.

இந்த இடத்தில் குத்தம்பாக்கத்தைச் சொல்லாமல் நகர முடியாது. பூந்தமல்லியைத் தாண்டி, செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிய ஊராட்சி. பொறியாளர் இளங்கோ ரங்கசாமி 1996-லும் 2001-லும் அங்கே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சமத்துவபுரத்தில் இரட்டை வீடுகள் கட்டி, ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம் என்று வைத்த ஊர் அது. ஊருக்குள்ளேயே தொழில், ஊருக்குள்ளேயே சந்தை என்று ஒரு மாற்று வழியைத் தேடிய இடம். அந்த ஊரின் மேய்க்கால் நிலத்தை மேற்குப் புறநகர்க் குப்பைக்கான இடமாக அரசு தேர்ந்தெடுத்தபோது மக்கள் எதிர்த்தார்கள். செம்பரம்பாக்கம் நீர்ப்பிடிப்பைக் காட்டி வழக்குத் தொடுத்தார்கள். அடுக்குமாடிக்கும் குப்பைக் கிடங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடிச் சம்பந்தம் உண்டு. ஓரிடத்தில் நெருக்கமாக வீடு கட்ட அனுமதித்தால் அதன் குப்பைக்கும் கழிவுநீருக்கும் பேருந்துக்கும் இன்னோரிடத்தில் நிலம் தேட வேண்டும். அந்த இன்னோரிடம் எப்போதும் ஊராட்சிதான்; அதிலும் மேய்க்கால், அனாதீனம் என்று பதிவேட்டில் யாரும் கேட்க ஆளில்லாதது போலத் தோன்றும் நிலம். பிறகு அதே குத்தம்பாக்கத்தில் சுமார் 25 ஏக்கரில் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் வெளியூர்ப் பேருந்து முனையமும் எழுந்தது.

பெரிய திட்டங்கள் வந்தபோது எதிர்ப்பு எப்படி நடந்தது என்று பார்த்தால் வேடிக்கையான ஒரு வேறுபாடு தெரியும். 2006-இல் தி.மு.க. அரசு வண்டலூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் இடையே நாற்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களைச் சேர்த்துத் துணைநகரம் அமைக்கப்போவதாக அறிவித்தது. கூட்டணியில் இருந்த பா.ம.க.வே எதிர்த்தது, அதன் நிறுவனர் ராமதாஸ் கிராமங்களுக்காகப் பேசினார், அரசு திட்டத்தைக் கைவிட்டது. ஒரே அறிவிப்பில் அத்தனை கிராமங்களின் பெயரும் வந்ததால்தான் அத்தனை கிராமங்களும் ஒன்றாக எழுந்தன. ஆனால் அந்தக் கிராமங்கள் இன்று கிராமங்களாகவா இருக்கின்றன? வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் ஒரு முறை போய் வந்தால் போதும். துணைநகரம் வரவில்லை, தனித்தனி அனுமதியோடு, வடிகாலும் பூங்காவும் ஒன்றோடொன்று சேராத ஒரு நகரம் வந்துவிட்டது. கைவிடப்பட்ட திட்டத்தில் குறைந்தபட்சம் ஒரு வரைபடமாவது இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

திருமழிசை இன்னொரு விதம். 2011-இல் சட்டமன்றத்தில் ஜெயலலிதா 110-ஆவது விதியின் கீழ் அறிவித்த துணைக்கோள் நகரம்: 311 ஏக்கர், 2,160 கோடி ரூபாய், 12,000 வீடுகள். குத்தம்பாக்கம், செம்பரம்பாக்கம், வெள்ளவேடு உள்ளிட்ட ஊர்களின் நிலம். ஆண்டுகள் ஓடின. 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது, தற்காலிகக் காய்கறிச் சந்தை போட அந்த நிலம் காலியாகவே கிடந்தது. வெங்காய மூட்டைகளும் சேறும் லாரிகளும் கிடந்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அது துணைக்கோள் நகரத்தின் இடம் என்று தெரிந்திருக்காது. அரசு எடுத்த நிலம் காத்துக்கிடக்க, சுற்றிலும் தனியார் மனைகள் நிற்காமல் பெருகின. இப்போது திருமழிசை, திருவள்ளூர், மீஞ்சூர் உள்ளிட்ட ஆறு புதுநகரங்களுக்கான திட்டங்களைப் பற்றி சி.எம்.டி.ஏ. பேசுகிறது.

பரந்தூர் எல்லோருக்கும் தெரிந்த கதை. 2022 ஆகஸ்டில் விமான நிலைய இடமாக அறிவிக்கப்பட்டது. 13 கிராமங்கள், 5,700 ஏக்கருக்கு மேல். ஏகனாபுரம் மக்கள் மாலைதோறும் கூடி ஆயிரம் நாளுக்கு மேல் போராடினார்கள், கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள், தேர்தலைப் புறக்கணித்தார்கள். தீர்மானங்களை மீறி 2025-இல் மத்திய அரசின் கொள்கை ஒப்புதலும் வந்தது. ஒடிசாவின் நியம்கிரியில் 2013-இல் 12 கிராம சபைகள் வேண்டாம் என்றதும் வேதாந்தாவின் சுரங்கத் திட்டம் நின்றதே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே வன உரிமைச் சட்டமும் உச்ச நீதிமன்ற ஆணையும் கிராம சபைக்குப் பின்னால் நின்றன. சமவெளி ஊராட்சியின் தீர்மானத்துக்கு அப்படி ஒரு சட்டப்பலம் இல்லை. மாறாக, நூறு ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்காக நீர்நிலைகள் அடங்கிய நிலத்தையும் ஒருங்கிணைத்துத் தர வழிசெய்யும் சட்டம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் விவாதமின்றி நிறைவேறியது.

கோவாவின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 2006-இல் அறிவிக்கப்பட்ட மண்டலத் திட்டத்தில் பசுமையாக இருந்த இடங்கள் கட்டுமானப் பகுதிகளாக மாறியதைக் கண்டு ‘கோவா பச்சாவ் அபியான்’ கிளம்பியது. 2007 ஜனவரியில் அரசு பின்வாங்கியது. கதை அங்கே முடியவில்லை. திட்டம் முழுதையும் மாற்றினால் எதிர்ப்பு வருகிறது என்று கண்டுகொண்ட அரசு, பிற்பாடு தன் நகரமைப்புச் சட்டத்தில் 17(2) என்று ஒரு பிரிவைச் சேர்த்து, வரைபடத்தில் உள்ள ‘பிழை’களைத் திருத்துவதாகச் சொல்லி ஒவ்வொரு நிலமாக வகை மாற்றத் தொடங்கியது. 2025 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு அதற்கான விதிகளை ரத்து செய்தது. மொத்தமாகச் செய்ய முடியாததைச் சில்லறையாகச் செய்துவிடலாம் என்ற தந்திரம் அங்கே நீதிமன்றத்தில் பெயரோடு அம்பலமானது. இங்கே அது அன்றாட அலுவலகப் பணி.

எல்லா ஊரும் ஒரே பக்கம் நிற்பதுமில்லை. புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று இரண்டாவது முழுமைத் திட்டம் தனியாக வரையறுத்த கிராமங்கள் ஆவடிக்கு வடக்கே இருக்கின்றன. 3,300 மில்லியன் கனஅடி கொள்ளும் அந்த ஏரி நகரத்தின் குடிநீர் ஆதாரங்களில் ஒன்று என்பதால் அங்கே கட்டுமானத்துக்குக் கடும் கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லும் குரல் ஊருக்குள்ளிருந்தே வருகிறது. பக்கத்து ஊரில் கிரவுண்டு விலை எங்கேயோ போய்விட்டது. இங்கே மகனுக்கு வீடு கட்ட அனுமதி கிடைக்கவில்லை. அண்ணா நகர்க்காரன் குடிக்கும் தண்ணீருக்கு நாங்கள் ஏன் ஏழையாக இருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை; அரசிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. கட்டாதே என்று சொல்லப்பட்ட நிலத்துக்கு ஈடாக எதையும் கொடுக்காமல் வெறும் தடையை மட்டும் வைத்திருந்தால், தடை மீறப்படும். அனுமதி இல்லாத மனைகள் அப்படித்தான் பெருகின. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவைத் தடுத்தது. 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்னும் பின்னும் நடந்ததெல்லாம் ஊரறிந்த கதை.

இனி, நெருக்கத்தின் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது. சென்னைக்கு ஆள் வருவதை எந்த வரைபடமும் நிறுத்தாது. ஒரு கிரவுண்டில் ஒரு வீடு என்றால் நகரம் அரக்கோணம் வரை பரவும். அதே கிரவுண்டில் ஆறு வீடு என்றால் அத்தனை கழனி மிஞ்சும். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை 1.5-இலிருந்து 2 ஆக்கின. 2,400 சதுர அடி மனையில் 3,600 கட்டியவர் இப்போது 4,800 கட்டலாம். பதினெட்டு மீட்டர் சாலை இருந்தால் உயரமான கட்டடத்துக்கு 3.25; பணம் கட்டினால் அதற்கும் மேல் பிரீமியம். ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில், குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் உள்ள அம்பத்தூரில், மூடிக்கிடக்கும் ஆலை வளாகங்களில் இதைச் செய்தால் எதிர்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை. எதிர்ப்பவர் தன் வாசலில் கார் நிறுத்த இடம் போகிறதே என்று கவலைப்பட்டால் அந்தக் கவலையை ஊரின் கவலையாக ஏற்கத் தேவையில்லை.

ஆனால் நடப்பது இதற்குத் தலைகீழ். நிலம் மலிவாக இருக்கும் இடத்தில்தான் மாடி உயர்கிறது. நிலம் மலிவாக இருப்பது வசதி இல்லாததால். 2014 ஜூன் 28 மாலை மழையில் மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வெளியூர்க் கட்டடத் தொழிலாளர்கள். போரூருக்குப் பக்கத்தில் இருந்தாலும் மௌலிவாக்கம் அப்போது ஓர் ஊராட்சி. மிச்சமிருந்த இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பதினொரு மாடிக்கு அனுமதி கொடுக்கப் பெருநகரின் நிர்வாகம் இருந்தது. அந்த மண்ணில் அது எப்படி எழுகிறது என்று அன்றாடம் போய்ப் பார்க்க ஓர் ஊராட்சிச் செயலரைத் தவிர யார் இருந்தார்கள்? பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 தளங்களோடு டைடல் பூங்கா திறந்தாயிற்று. அதைச் சுற்றி வரப்போகும் வாடகை வீடுகளின் கழிவுநீர் எந்தக் கால்வாயில் போகும் என்பதை இப்போதே கேட்டுவைப்பது நல்லது. 2015 வெள்ளத்திலும் மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது எந்த வழியாக என்று பார்த்தால், அது பழைய வாய்க்கால்களின் வழியாகத்தான்.

புனேவின் மகர்பட்டாவைச் சிலர் தீர்வாகக் காட்டுவார்கள். சுமார் 120 விவசாயக் குடும்பங்கள் 400 ஏக்கருக்கு மேல் நிலத்தை ஒன்றாகப் போட்டு, தாங்களே நகரத்தைக் கட்டி, பங்குதாரர்களாக இருந்தார்கள். நிலத்தை ஒருங்கிணைத்துத் திட்டமிட இங்கேயும் சட்டத்தில் இடமுண்டு. மகர்பட்டாவில் ஒரே உறவுமுறைச் சமூகம், பெரிய நிலங்கள், நம்பிக்கைக்குரிய தலைமை இருந்தன. கால் ஏக்கரும் அரை ஏக்கருமாக, பவர் பத்திரம் நாலு கை மாறிய நம் ஊர்களில் அது எளிதில் நடக்காது. நடந்தாலும் பட்டா இல்லாத மூன்றாவது தரப்புக்கு அதில் இடமில்லை.

ஆகவே எதிர்ப்பின் தரத்தை அளக்க நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் நீர். வடிகாலையும் கிணற்றையும் ஆயக்கட்டையும் காட்டி எழும் ஆட்சேபணைக்கு அதிகாரி ஏரி வாரியாகப் பதில் சொல்ல வேண்டும்: இந்த ஏரிக்கு வரும் வாய்க்கால்கள் எவை, அவற்றின் நீர்ப்பிடிப்பில் இதுவரை எத்தனை ஏக்கர் வகை மாறியிருக்கிறது, இந்த விண்ணப்பத்தோடு சேர்த்தால் எவ்வளவு. இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். அரசிதழில் வந்த மாற்றங்களும் நீர்வளத் துறையின் ஏரி வரைபடங்களும் அரசிடமே இருக்கின்றன. இரண்டையும் ஒரு மேசையில் விரித்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினால் போதும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் பத்து சதவீதம் திறந்தவெளியைத் தானப் பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும் என்ற விதி போல, வாய்க்காலைத் தொடாமல் விடுவதும் அனுமதிக்கு முந்திய நிபந்தனையாக அளந்து காட்டப்பட வேண்டும்.

இதைக் கேட்க வேண்டிய நேரம் இது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 5,904 சதுர கிலோமீட்டராக, அதாவது ஏறக்குறைய ஐந்து மடங்காக, விரிவாக்கப்பட்டது. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிறது. இதுவரை வண்ணம் பூசப்படாத நூற்றுக்கணக்கான கிராமங்களின் சர்வே எண்களுக்கு அதில் வண்ணம் விழப்போகிறது. 2025 ஜனவரியில் 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளை இணைக்க அரசு முனைந்தபோது, நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறிவிடும் என்று ஆட்சியர் அலுவலகங்களில் மனுக்கள் குவிந்தன. இணைப்பை எதிர்த்து மனு கொடுத்த அதே மக்களுக்கு, வரைவுத் திட்டம் வெளியாகும்போது தங்கள் கழனி எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்கவும் அதன் மேல் எழுதிக் கொடுக்கவும் உரிமை உண்டு. ஒவ்வொரு துண்டாக விளம்பரத்தைத் தேடி அலைவதைவிட ஆயிரம் மடங்கு பலனுள்ள ஆட்சேபணை அது.

அதை ஊர் சார்பாக யார் எழுதுவது என்பதில்தான் சிக்கல். கிராம சபைக் கூட்டங்களை ஆண்டுக்கு நான்கிலிருந்து ஆறாக உயர்த்தியது இதே மாநிலம். ஆனால் திருவள்ளூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. தேர்தல் உடனே நடக்கவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவரும் வார்டு உறுப்பினர்களும் இல்லாத ஊராட்சியில் தீர்மானப் புத்தகம் அரசு ஊழியரின் மேசையில் இருக்கும். அரசின் வரைபடத்துக்கு அரசு ஊழியரே ஆட்சேபணை எழுதுவாரா?